பேண்ட்லீடர் போன பிறகு: ஜாஸ் அஞ்சலி ஆல்பங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

எலிங்டன், மிங்கஸ், பேஸி என்று மறைந்த இசைக்குழுத் தலைவர்களின் பெயரில் வரும் அஞ்சலி ஆல்பங்கள் பற்றிச் சேர்ந்திருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். சில கேள்விகளுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்குப் பக்கம் போதாது.

கேள்வி: ஜாஸில் அஞ்சலி ஆல்பங்கள் கணக்கில்லாமல் வருகின்றன. ஒன்றே ஒன்று கேட்பதென்றால் எது? (வாசகி, கோயம்புத்தூர்)

டியூக் எலிங்டன் குழு 1967இல் பதிவுசெய்த 'அண்ட் ஹிஸ் மதர் கால்ட் ஹிம் பில்'. யோசிக்காமல் வாங்கலாம். வழக்கமாகத் தலைவர் போனபின் மற்றவர்கள் அஞ்சலி செலுத்துவார்கள். இங்கே தலைவர் இருக்கிறார், அவருக்காக 28 வருடம் எழுதிக்கொடுத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன்தான் போய்விட்டார். 1938 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் எலிங்டனைச் சந்தித்தவர், 1967 மே 31 அன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார். வயது 51. ஆகஸ்ட் கடைசியில் பதிவு தொடங்கி நவம்பரில் முடிந்தது. மறுவருடம் ஆர்சிஏ விக்டர் வெளியிட்டது. பெரிய குழுக்களுக்கான ஜாஸ் கிராமியும் கிடைத்தது.

இந்த ஆல்பத்துக்கு மற்ற அஞ்சலிகளிடம் இல்லாத ஒரு சௌகரியம் உண்டு. ஸ்ட்ரேஹார்ன் யாரை மனதில் வைத்து எழுதினாரோ, பெரும்பாலும் அவர்களே வாசிக்கிறார்கள். ஆல்ட்டோ சாக்ஸில் ஜானி ஹாட்ஜஸ், டெனரில் பால் கொன்சால்வஸ், பாரிட்டோனில் ஹாரி கார்னி, கிளாரினெட்டில் ஜிம்மி ஹாமில்டன், ட்ராம்போனில் லாரன்ஸ் பிரவுன், ட்ரம்பெட்டில் கூட்டி வில்லியம்ஸ், கேட் ஆண்டர்சன். குழுவை விட்டு எப்போதோ போய்விட்ட கிளார்க் டெர்ரியும் ஃப்ளூகல்ஹார்னோடு சில உருப்படிகளுக்கு வந்து சேர்ந்துகொண்டார்.

கேட்க ஆரம்பிக்கும்போது 'பிளட் கவுண்ட்' முதலில். ஸ்ட்ரேஹார்ன் மருத்துவமனையிலிருந்து அனுப்பிய கடைசி உருப்படி அது. தலைப்பே இரத்த அணுக் கணக்குதான். ஹாட்ஜஸ் மெட்டை வாசிக்கும்போது ஒவ்வொரு நீண்ட சுரமும் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுகிறார், ஆனால் ஏறுகிற வேகம் ஒவ்வொரு தடவையும் வேறு. அடுத்து 'யு.எம்.எம்.ஜி.' கேளுங்கள். 'அப்பர் மன்ஹாட்டன் மெடிக்கல் குரூப்' என்பதன் சுருக்கம், இருவருக்கும் டாக்டராக இருந்த ஆர்தர் லோகனின் மருத்துவ நிலையம். 'சார்ப்பாய்' என்ற தலைப்பைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டாம், வடக்கே போட்டுப் படுக்கிற கயிற்றுக் கட்டிலேதான்.

கேள்வி: அந்த ஆல்பத்தில் ஸ்ட்ரேஹார்னின் மிகப் புகழ்பெற்ற 'டேக் தி ஏ ட்ரெயின்' இல்லையே, ஏன்? (வாசகர், மதுரை)

அது 1941 முதல் அந்தக் குழுவின் அடையாள இசை. இரவுதோறும் வாசித்தது. அந்த ஜனவரியில் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் ஆஸ்காப் என்ற இசையமைப்பாளர் சங்கத்துக்கும் ராயல்டிச் சண்டை முற்றி, சங்க உறுப்பினரான எலிங்டனின் சொந்தப் படைப்புகளையே வானொலியில் வாசிக்க முடியாமல் போனது. உறுப்பினராக இல்லாத ஸ்ட்ரேஹார்னும் எலிங்டனின் மகன் மெர்சரும் அவசர அவசரமாகப் புதுச் சரக்கு எழுதினார்கள். அப்படி மேலே வந்ததுதான் ஏ ட்ரெயின்.

அஞ்சலியில் அதைப் போட்டிருந்தால் விற்பனைக்கு நன்றாக இருந்திருக்கும். விட்டதுதான் சரி. அவ்வளவாக வெளிச்சம் படாத உருப்படிகள் அதனால்தான் வெளியே வந்தன. இன்று அஞ்சலி ஆல்பம் போடுகிறவர்கள் பத்தில் எட்டை ஊரறிந்த பாட்டுகளாக வைத்துவிட்டு, மீதி இரண்டைத் தங்கள் சொந்த உருப்படியாக நுழைக்கிறார்கள். அது அஞ்சலியா, விளம்பரமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: 'லோட்டஸ் ப்ளாஸம்' பியானோ தனியாவர்த்தனத்தில் பின்னால் பேச்சும் சாமான் உருட்டுகிற சத்தமும் கேட்கிறது. என் பிரதியில் கோளாறா? (வாசகர், சிங்கப்பூர்)

கோளாறு இல்லை. பதிவு முடிந்து மற்றவர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்க, எலிங்டன் தன்பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. தான் வாசித்து ஸ்ட்ரேஹார்ன் மிகவும் விரும்பிக் கேட்டது இதுதான் என்று எலிங்டன் சொல்லியிருக்கிறார். சத்தம் மெல்ல மெல்ல அடங்குவது, அறையில் இருந்தவர்கள் கவனிக்க ஆரம்பித்ததால். பிற்கால மறுபதிப்புகளில் கார்னியின் பாரிட்டோனும் ஆரன் பெல்லின் பாஸும் சேர்ந்த மூவர் வடிவம் ஒன்றும் உண்டு. ஒழுங்கான பதிவு, சத்தமும் இல்லை. ஆனாலும் முதலாவதுதான் நிற்கிறது.

ஹெட்போனில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். சொந்தமாக மென்பொருள் வைத்து அந்தச் சத்தத்தைத் துடைக்க முயன்றால் பியானோ சுரங்களின் வால்பகுதியும் சேர்ந்து போய்விடும். இரண்டும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருப்பவை.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழுவில் 17 பேர். எலிங்டன் நினைவாக ஆறு உருப்படிகள் பதிவுசெய்ய ஆசை. அச்சிட்ட அரேஞ்ச்மென்டை (வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிய இசைத்தாளை) அப்படியே வாசிக்கிறோம், சுரமும் தப்பவில்லை. ஆனாலும் எலிங்டன் மாதிரி இல்லை. எங்கே தப்பு? (இசை மாணவர், சென்னை)

அனேகமாகத் தாளில்தான் தப்பு. கடையில் விற்கிற பல அரேஞ்ச்மென்ட்கள் எந்தக் குழுவும் வாசிக்கும்படி சமப்படுத்தப்பட்டவை. ட்ரம்பெட் வரிசை ஒரு கட்டு, ட்ராம்போன் ஒரு கட்டு, சாக்ஸ் ஒரு கட்டு என்று கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிரிந்திருக்கும். எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் வரிசைகளைக் குறுக்கே வெட்டி எழுதியவர்கள். அவர்களுடைய கையெழுத்துப் பார்ட்களின் (ஆளுக்கொரு தாளின்) தலையில் பல நேரம் வாத்தியத்தின் பெயர் இருக்காது, ஆளின் பெயர் இருக்கும். 'மூன்றாவது ட்ராம்போன்' என்று ஒருவரை அவர்கள் நினைக்கவில்லை, அந்த மனிதரின் தொனியை நினைத்தார்கள்.

1930இல் பதிவான 'மூட் இண்டிகோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே வாத்தியங்கள். சாதாரணமாக எழுதினால் கிளாரினெட் மேலே, ட்ரம்பெட் நடுவில், ட்ராம்போன் கீழே வரும். எலிங்டன் இதைக் கவிழ்த்தார். மியூட் (வாயில் செருகி ஒலியை அடக்கும் அடைப்பு) போட்ட ட்ரம்பெட் மேலே, அதற்கு ஒட்டிக் கீழே ட்ராம்போன் தன் உச்ச ஸ்தாயியில் மியூட்டோடு, கிளாரினெட் இவற்றுக்கு ஒரு ஸ்தாயிக்கும் மேல் கீழே இறங்கித் தன் அடித்தொனியில். ஆர்தர் வெட்சல், டிரிக்கி சாம் நாண்டன், பார்னி பிகார்ட் மூவரும் வாசித்தது. உங்கள் தாளில் கிளாரினெட் மேலே இருந்தால் அதை மூடி வைத்துவிடுங்கள்.

வாசிக்கும்போது மூன்று இடத்தில் கெடும். ட்ராம்போன்காரர் உச்சத்தில் பயந்து ஊதுவார், சத்தம் பெருகும், மற்ற இருவரும் அமுங்குவார்கள். அவர் அளவு குறையும்வரை மற்றவர்களை ஏற்றச் சொல்லாதீர்கள். அடுத்தது மியூட். சிறிய பிக்ஸி மியூட்டை உள்ளே செருகி, வெளியே ரப்பர் பிளஞ்சரால் மூடித் திறக்க வேண்டும். பிளஞ்சருக்கு இசைக்கடை தேவையில்லை, குளியலறைச் சாமான் கடையில் வாங்கிக் கைப்பிடியைக் கழற்றினால் போதும். ட்ரம்பெட்டுக்கு வாஷ்பேசின் அளவு, ட்ராம்போனுக்குக் கழிவறை அளவு. பிக்ஸி போட்டதுமே சுருதி ஏறிவிடும். மியூட் இல்லாமல் சுருதி சேர்த்துவிட்டு அப்படியே வாசித்தால் மூவர் கார்டு புளித்துப்போகும். மியூட்டோடு ட்யூனரைப் பார்த்து ட்யூனிங் ஸ்லைடை வெளியே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், மியூட்டை எடுக்கும் பாரில் (தாள ஆவர்த்தத்தில்) திரும்ப உள்ளே தள்ள பென்சிலில் குறித்துவையுங்கள். மூன்றாவது, மூவரும் தங்கள் வரிசையிலேயே உட்கார்ந்து வாசிப்பது. எழுந்து வந்து ஒரே மைக்குக்கு முன்னால் நெருக்கமாக நிற்க வேண்டும். தூரத்திலிருந்து அந்தக் கலவை உண்டாகாது.

பாரிட்டோன் சாக்ஸ் இன்னொரு பொறி. ஹாரி கார்னிக்கு எப்போதும் கார்டின் அடிச்சுரத்தைக் கொடுப்பதில்லை. ஏழாம் சுரமோ வேறு முரண் சுரமோ அவர் கையில் இருக்கும், அதை உரத்து வாசிப்பார். 'இது தப்பச்சு போல' என்று நினைத்து உங்கள் பாரிட்டோன்காரர் அடக்கி வாசித்தால் எலிங்டன் போயே போய்விடுவார்.

சாக்ஸ் வரிசையில் ஐந்து பேரும் ஒரே மாதிரி அலைவு (வைப்ராட்டோ) கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மற்றக் குழுக்களுக்குச் சரி. இங்கே ஒவ்வொருவர் அலைவும் தனித்தனி. முதல் ஆல்ட்டோவை அகலமாக விடுங்கள், மற்றவர்கள் அவரை நகலெடுக்க வேண்டாம்.

நல்ல தாள் வேண்டுமானால் நியூயார்க்கின் ஜாஸ் அட் லிங்கன் சென்டர் நடத்தும் 'எசென்ஷியலி எலிங்டன்' திட்டத்தில், மூலப் பதிவுகளிலிருந்து எடுத்த ஸ்கோர்கள் (எல்லா வாத்தியமும் சேர்ந்த முழுத் தாள்கள்) வருகின்றன. எலிங்டனின் கையெழுத்துப் பிரதிகள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஸ்ட்ரேஹார்னின் தாள்களை ஆராய்ந்தவர் வால்ட்டர் வான் டி லோயர். அந்தத் தாள்களை வைத்து டச்சு ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா பதிவுசெய்த ஆல்பங்களையும் கேளுங்கள். ஸ்ட்ரேஹார்ன் எழுதியும் எலிங்டன் குழு வெளியிடாமலே போன உருப்படிகள் அவற்றில் உண்டு. ஆளைப் பார்த்திராத குழுவும் தாளை நம்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவை நல்ல உதாரணம்.

கேள்வி: தாளே கிடைக்காத உருப்படியைப் பதிவிலிருந்து எழுதி எடுப்பது எப்படி? (கீபோர்டு வாசிப்பவர், திருச்சி)

முதல் வேலை, வேகத்தைச் சரிபார்ப்பது. பழைய 78 தட்டுகளிலிருந்து மாற்றிய பதிவுகள் சரியான சுருதியில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினால் அரை சுரம் மாறிவிடும். உங்களுக்கு ஈ மேஜரில் கேட்கிறதென்றால் அது உண்மையில் ஈ ஃப்ளாட்டாகத்தான் இருக்கும், பிக் பேண்டுக்கு (பெரிய ஜாஸ் குழுவுக்கு) ஈ மேஜரில் எழுதுவது அபூர்வம். டேப் காலப் பதிவுகளில் இந்தத் தொல்லை குறைவு.

பிறகு பாஸ் வரியை முழுக்க எழுதுங்கள். அதற்கடுத்து முதல் ட்ரம்பெட். மேலும் கீழும் நிலைத்தால் நடுவை ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை எழுதிவிடக் கூடாது. இரண்டாம் ஆல்ட்டோவும் முதல் டெனரும்தான் கடினம். வேகத்தைப் பாதியாக்கி, ஒரு பாரை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் நினைக்கும் சுரத்தைப் பியானோவில் மெதுவாகச் சேர்த்து வாசியுங்கள். அது அங்கே இருந்தால் உங்கள் பியானோ காணாமல் போகும், இல்லையென்றால் துருத்தும். ஸ்டீரியோப் பதிவானால் இடது, வலது தனித்தனியாகக் கேளுங்கள். வாத்தியங்களைப் பிரித்துத்தரும் மென்பொருள்கள் பாஸ், டிரம்ஸ்வரை உதவும். ஒரே வகைக் காற்று வாத்தியம் ஐந்து சேர்ந்தால் குழம்பிவிடும்.

முழுதும் எழுதியபின் இடமாற்றம், ஒலிக்கும் சுரமும் தாளில் எழுதும் சுரமும் வேறான வாத்தியங்களுக்காக. ட்ரம்பெட்டுக்கு ஒரு முழுச் சுரம் மேலே. ஆல்ட்டோவுக்கு மேஜர் ஆறாவது மேலே, பாரிட்டோனுக்கு அதற்கும் ஒரு ஸ்தாயி கூட. டெனருக்கு ஒரு ஸ்தாயியும் முழுச் சுரமும். ட்ராம்போனுக்கு மாற்றமே இல்லை. ஒத்திகையில் முதல் அரைமணி வீணாவது பெரும்பாலும் இரண்டு டெனரில் ஒருவருக்கு ஸ்தாயி மாறிப்போனதால்தான்.

கேள்வி: 17 பேரையும் ஒரே அறையில் பதிவுசெய்யலாமா, இல்லை ஒவ்வொரு வரிசையாகவா? ஸ்டுடியோவை எத்தனை நேரம் எடுக்க வேண்டும்? (அதே சென்னை மாணவர்)

ஒரே அறை, ஒரே நேரம். தனித்தனியாக எடுத்தால் மெட்ரோனோம் கிளிக் தேவைப்படும். கிளிக்கோடு வாசித்தால் எலிங்டன் வகை உருப்படிகளில் மெதுவாகப் பின்வாங்கும் இடங்கள் எல்லாம் நேராகிவிடும்.

உட்காரும் முறை: முன்வரிசை சாக்ஸ், பின்னால் ட்ராம்போன், அதற்குப் பின்னால் ட்ரம்பெட் நின்றபடி. முதல் ஆல்ட்டோ, முதல் ட்ராம்போன், முதல் ட்ரம்பெட் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே கோட்டில் வர வேண்டும். அப்போதுதான் மற்ற எல்லாருக்கும் தலைமைச் சொல் ஒரே திசையிலிருந்து கேட்கும். டபுள் பாஸ்காரரை டிரம்ஸின் ஹை-ஹாட் (காலால் இயக்கும் ஜோடித் தாளம்) பக்கம் நிறுத்துங்கள்.

மொத்தக் குழுவுக்கும் முன்னால், உயரத்தில் ஒரு ஜோடி மைக். எண்பது சதவீத ஒலி இதிலிருந்தே வர வேண்டும். இங்கே நன்றாக இல்லையென்றால் ஆட்களை நகர்த்துங்கள், மைக்கைக் கூட்டாதீர்கள். துணைக்கு, சாக்ஸ் ஒவ்வொருவருக்கும் ஒன்று, ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் இருவருக்கு ஒன்று, முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. ரிப்பன் மைக் கிடைத்தால் பித்தளைக்கு அதுதான் நல்லது. அதன் இரு பக்கவாட்டிலும் சத்தம் ஏறாது, அந்தப் பக்கத்தை டிரம்ஸைப் பார்த்துத் திருப்புங்கள். பழைய ரிப்பன் மைக்குக்கு மிக்ஸரிலிருந்து மற்ற மைக்குகளுக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேபிளில் சின்னக் கோளாறு இருந்தாலும் ரிப்பன் போய்விடும். இரண்டு மைக்குக்கு இடையே உள்ள தூரம், மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் கலக்கும்போது சாக்ஸ் ஒலி உள்ளீடற்றுப்போகும். பியானோவுக்கு மூடியைச் சிறு கோலில் நிறுத்தி மேலே கனமான கம்பளி போடுங்கள்.

நேரக் கணக்குக்கு அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதி நல்ல அளவுகோல். மூன்று மணிநேர அமர்வு ஒன்றில் 15 நிமிட இசைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. கைதேர்ந்தவர்களுக்கே அந்தக் கணக்கு. ஆறு உருப்படி, சுமார் 30 நிமிடம் என்றால் உங்களுக்கு மூன்று அமர்வுகள், வெவ்வேறு நாட்களில். ஒரே நாளில் திணித்தால் ட்ரம்பெட்காரர்களின் உதடு ஐந்தாம் மணியில் கைவிடும், அதன்பின் எத்தனை டேக் எடுத்தாலும் முதலாவதைவிட மோசமாகத்தான் இருக்கும். உச்ச ஸ்தாயி உருப்படியை அமர்வின் இரண்டாவதாக வையுங்கள். முதலாவதாக வேண்டாம், உதடு சூடேறியிருக்காது.

கேள்வி: இதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இந்தியாவில் 'கவர்' (பிறர் படைப்பை மறுபடி பதிவுசெய்யும்) உரிமம் தானாகக் கிடைக்கும் என்கிறார்களே? (வாசகர், பெங்களூரு)

பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவைச் சொல்கிறார்கள். அஞ்சலி ஆல்பத்துக்கு அது சரிப்படாது. முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும் என்பது பிரச்சினையில்லை. ஆனால் ஒவ்வொரு படைப்புக்கும் வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். படைப்பில், முன்பு உரிமையாளர் சம்மதித்த மாற்றமும் தொழில்நுட்பத்துக்குத் தவிர்க்க முடியாத மாற்றமும் தவிர வேறு எதுவும் கூடாது, ஆக உங்கள் புது அரேஞ்ச்மென்ட் சிக்கலில் மாட்டும். எல்லாவற்றுக்கும் மேல், அதே படைப்பை முன்பு பதிவுசெய்த கலைஞரின் பெயரோ படமோ அட்டையில் வரக் கூடாது. எலிங்டனுக்கு அஞ்சலி, அட்டையில் எலிங்டன் இருக்கக் கூடாது! பேசாமல் வெளியீட்டாளரிடம் நேரடியாக எழுதி உரிமம் வாங்குங்கள். உருப்படிப் பெயர், இசையமைத்தவர், நிமிடம், பிரதி எண்ணிக்கை, இணையத்தில் வருமா, அரேஞ்ச்மென்ட் யாருடையது என்ற ஆறையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் பாதிக் கடிதப்போக்குவரத்து மிச்சம்.

இந்தியாவில் இசைப்படைப்புக்குப் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். ஸ்ட்ரேஹார்ன் தனியாக எழுதியவை 2027 டிசம்பர் 31 வரை. எலிங்டனோடு சேர்ந்து எழுதியவற்றுக்குக் கடைசியாக இறந்தவர் கணக்கு. எலிங்டன் 1974இல் இறந்தார், ஆகவே 2034 முடியும்வரை. மிங்கஸ் 2039. இணையத்தில் ஏற்றினால் அமெரிக்கச் சட்டமும் குறுக்கே வரும். 1941இல் வெளியான ஏ ட்ரெயின் அங்கே 95 ஆண்டுக் கணக்கில் 2036 வரை உரிமைக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் குறுந்தட்டு, தரவிறக்கத்துக்குக் கட்டாய உரிமம் உண்டு. 2023இல் பிரதி ஒன்றுக்கு 12 சென்ட், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 2.31 சென்ட், அதன்பின் ஆண்டுதோறும் ஏற்றப்படுகிறது. உங்கள் பாணிக்கேற்ப அரேஞ்ச் செய்ய அங்கே இடமுண்டு, மெட்டின் அடிப்படையை மாற்ற இல்லை.

கேள்வி: சார்ல்ஸ் மிங்கஸின் அஸ்தி கங்கையில் கரைக்கப்பட்டது உண்மையா? அவருக்கு வந்த அஞ்சலிகளில் எது தேறும்? (வாசகி, வாரணாசியில் வசிக்கும் தமிழர்)

உண்மை. தசைகள் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயால் 1979 ஜனவரி 5 அன்று மெக்ஸிகோவின் குவேர்னவாகாவில் 56 வயதில் இறந்தார். மனைவி சூ மிங்கஸ் இந்தியா வந்து அஸ்தியைக் கரைத்தார்.

சூ அதோடு நிற்கவில்லை. அதே வருடம் மிங்கஸ் டைனஸ்டி என்ற குழு, 1991இல் 14 பேர் கொண்ட மிங்கஸ் பிக் பேண்ட். 1993இல் வந்த 'நாஸ்டால்ஜியா இன் டைம்ஸ் ஸ்கொயர்' தொடங்கக் கச்சிதமான இடம். 2008இன் கடைசி இரவில் ஜாஸ் ஸ்டாண்டர்டு மன்றத்தில் பதிவான நேரடி ஆல்பம் கிராமி வாங்கியது. ஜோனி மிட்செலின் 1979 ஆல்பம் மிங்கஸ் உயிரோடிருக்கும்போது அவரே கேட்டுத் தொடங்கியது, வெளிவந்தபோது அவர் இல்லை. பாடகி மிட்செலின் ரசிகர்களுக்கு அது பொருந்தும், மிங்கஸைத் தேடுகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும்.

மிங்கஸ் விஷயத்தில் எலிங்டனுக்கு நேரெதிர்ச் சிக்கல். பல நேரம் அவர் தாளே கொடுக்காமல் பியானோவில் வாசித்துக்காட்டியும் பாடிக்காட்டியும் காதுவழியாகச் சொல்லிக்கொடுத்தார். அப்படிக் கற்றதைத் தாளில் இறக்கினால் சுத்தமாகிவிடும், சுத்தமானால் மிங்கஸ் இல்லை. பிக் பேண்ட் பதிவுகளில் சத்தம் போடுவதும், வேகம் ஏறி இறங்குவதும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சோலோ எடுப்பதும் வேண்டுமென்றே விட்டவை. தாள் இருந்த இடத்தில் வேறு கதை. 1962 அக்டோபரில் நியூயார்க் டவுன் ஹாலில் அவர் பெரும் படைப்பொன்றை அரங்கேற்றினார். கச்சேரி நடக்கும்போதே மேடையில் பார்ட்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் சரிந்தது. இறந்தபின் அவர் தாள்களைப் பட்டியலிட்ட ஆண்ட்ரூ ஹோம்சி அந்தப் படைப்பின் 4,000 பார்களுக்கு மேற்பட்ட ஸ்கோரைக் கண்டெடுத்தார். குந்தர் ஷூலர் நடத்த, 1989 ஜூன் 3 அன்று சுமார் 30 பேரோடு 'எபிடாஃப்' முழுதாக அரங்கேறியது, இரண்டு மணிநேரத்துக்கும் மேல். ஒரே மூச்சில் கேட்க வேண்டாம்.

மிங்கஸே பெரிய அஞ்சலிக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெனர் சாக்ஸ் கலைஞர் லெஸ்டர் யங் 1959 மார்ச்சில் இறந்தார், மே மாதமே 'குட்பை போர்க் பை ஹேட்' பதிவாகிவிட்டது. 12 பார் ப்ளூஸ் உருவம், ஆனால் கார்டுகள் வேறு. ப்ளூஸ் தெரியும் என்ற தைரியத்தில் பழக்கப்பட்ட கார்டுகளைப் போட்டு வாசிக்கிறவர்கள் இரண்டாம் பாரிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: எலிங்டன் சென்னைக்கு வந்தாரா? (வாசகர், மயிலாப்பூர்)

வந்தார். 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் டெல்லி, ஹைதராபாத், பெங்களூர், மதராஸ், பம்பாய், கல்கத்தா, பிறகு கொழும்பு. ஸ்ட்ரேஹார்னும் கூட வந்தார். கென்னடி சுடப்பட்டதும் நவம்பரில் துருக்கியில் பயணம் பாதியில் நின்றது. அதிலிருந்து பிறந்த 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' 1966 டிசம்பரில் பதிவானது. அதில் 'ப்ளூபேர்ட் ஆஃப் டெல்லி'யில் ஹாமில்டனின் கிளாரினெட் திரும்பத் திரும்ப வாசிக்கும் துணுக்கு, டெல்லியில் ஸ்ட்ரேஹார்ன் கேட்ட மைனாவின் குரல். அடுத்த மே மாதம் அவர் இல்லை.

கேள்வி: கவுண்ட் பேஸி பாணியில் ஒரு அஞ்சலி வாசிக்கிறோம். கிதாரை எவ்வளவு சத்தமாக வைப்பது? (வாசகர், யாழ்ப்பாணம்)

கேட்கவே கூடாது, நிறுத்தினால் மட்டும் தெரிய வேண்டும். ஃப்ரெடி கிரீன் 1937 முதல் 1987இல் இறக்கும்வரை அந்தக் குழுவில் ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த) கிதாரில் பாருக்கு நான்கு அடி அடித்தார். பேஸி 1984இல் போனபின்னும் மூன்று வருடம். கம்பிகள் பலகையிலிருந்து உயரமாக, தடித்த கம்பி. மூன்று சுரக் கார்டு, அதிலும் நடுவிலுள்ள ஓரிரு கம்பிதான் ஒலிக்கும், மற்றவற்றை இடதுகை விரலாலேயே அமுக்கிவிடுவார். ஆறு கம்பியையும் ஆம்பில் போட்டு அடித்தால் பியானோவின் இடதுகையோடும் பாஸோடும் மோதும். ஆம்ப் வேண்டாம், ஒரு மைக் போதும், அதையும் கலவையில் ட்ரம்பெட் அடங்கிய இடத்தில் மட்டும் லேசாகத் தெரியும் அளவுக்கு.

கேள்வி: எங்கள் அஞ்சலியை வினைல் தட்டாகவும் போடலாம் என்கிறார்கள். 56 நிமிடம் இருக்கிறது. (அதே யாழ்ப்பாண வாசகர்)

12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம்தான் நன்றாக ஒலிக்கும். 28 நிமிடம் திணித்தால் மூலத் தட்டை வெட்டுகிறவர் ஒலி அளவையும் பாஸையும் குறைத்தாக வேண்டும், பிக் பேண்டுக்கு அது கொலை. உள்வட்டத்தில் உச்ச ஒலி கரகரக்கும், அதனால் முழுக் குழுவும் முழங்கும் உருப்படியைப் பக்கத்தின் முதலிலும் மெதுவானதைக் கடைசியிலும் வையுங்கள். 44 நிமிடத்துக்குள் அடக்க முடியாவிட்டால் இரட்டைத் தட்டாகப் போடுங்கள், அல்லது சொந்த உருப்படிகள் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.